கரண்ட் போனால் மாறும் போர்டு

நெட் சென்டர் சேவியர் அண்ணன் நேற்றுக் காலை இறந்துவிட்டார். நெஞ்சுவலி... பாண்டிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியிருந்தால் அவர் கடையைப் பார்த்திருப்பீர்கள். ரோட்டைப் பார்த்தபடி ஒரு மானிட்டர் இருக்கும். ‘நாளை அளத்தில் வேலை உண்டு’ அல்லது ‘இல்லை’. உப்பள மேஸ்திரி காலையில் போன் செய்து சொல்வதை அண்ணன் அதில் போடுவார்.

அது ஒரு வலைப்பக்கம். சென்னையில் வேலை பார்க்கும் அவர் மச்சான் ஏதோ புது ஃப்ரேம்வொர்க்கில் செய்து கொடுத்தது. கூடவே ஒரு பிளகின். மெஷினில் என்விரான்மென்ட் வேரியபிள் என்று ஒரு பெயரையும் அதற்கு ஒரு மதிப்பையும் எழுதி வைத்தால், பிளகின் அதை எடுத்துப் பக்கத்துக்குள் போட்டுவிடும்.

மச்சான் சென்னைக்குத் திரும்பிப் போய்விட்டார். இங்கிலீஷ் மேனுவலைப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. நான் அப்போது ஒன்பதாவது.

எந்தெந்த வேரியபிளைக் காட்டலாம் என்று பிளகினுக்குச் சொல்ல வேண்டும். அண்ணன் ‘எல்லாம்’ என்று போட்டுவிட்டார். அதே மெஷினில் எழுதி வைத்திருந்த அவருடைய மெயில் பாஸ்வேர்டு உட்பட எல்லாம் ரோட்டுக்கு வந்துவிட்டது.

பாஸ்வேர்டு, அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவின் பெயர்.

“எம் பேர எதுக்கு பஸ் ஸ்டாண்டுக்கே காட்டிக்கினு இருக்க?” என்று அக்கா கேட்டார். ஆனால் உடனே எடுக்கச் சொல்லவில்லை.

அடுத்த சிக்கல் பெரியது. அண்ணன் மதிப்பை மாற்றுவார், போர்டு மாறாது. மத்தியானம் கரண்ட் போய் வந்தால் மாறிவிடும்.

மேனுவலில் காரணம் இருந்தது. புரோகிராம் தொடங்கும்போது ஒரே ஒரு முறைதான் மதிப்பைப் படிக்கும்.

“அண்ணா, நிறுத்திட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணாப் போதும்.”

“நிறுத்தினா எப்படி ஸ்டார்ட் பண்றதுன்னு மச்சான் சொல்லலையே பாப்பா. மெஷின் ஆன் ஆனா அதுவா ஏறிக்குது. கரண்ட் போவட்டும்.”

மெஷினை அணைக்கவும் மாட்டார். மற்ற கம்ப்யூட்டர்களுக்கு அதன் வழியாகத்தான் நெட்.

ஒரு நாள் நல்ல மழை. மேஸ்திரி மறுநாள் வேலை இல்லை என்றார். அண்ணன் மாற்றினார். அன்றைக்குப் பார்த்து கரண்ட் போகவே இல்லை...

விடியற்காலையில் அளத்துக்குப் போன பெண்கள் முழங்கால் சேற்றோடு கடைக்கு வந்தார்கள். முன்னால் என் அம்மா.

“ஏம்பா சேவியரு, உன் பொட்டி உண்டுன்னுதே?”

“நான் இல்லைன்னு மாத்திட்டேங்க்கா. கரண்ட் போவல. நான் என்னா பண்ணட்டும்?”

“ஒரு சிலேட்ல எழுதி வெச்சிட்டுப் போயேன்பா.”

“சிலேட்டா? அதுக்கா மச்சான் மெட்ராஸ்லேர்ந்து வந்து போட்டுக் குடுத்தான்?”

அதற்குப் பிறகு கரண்ட் போகாத நாளில் யாரும் போர்டை நம்பவில்லை. போனால் மட்டும் தெருவே அவர் கடையைத் திரும்பிப் பார்க்கும். “கரண்ட் போனா சிரிக்கிற ஒரே ஆளு நீதான்பா” என்பார் டீக்கடைக்காரர். அண்ணனும் சிரிப்பார்.

நேற்று போர்டில் ‘உண்டு’ என்றே இருந்தது. மறுநாள் அடக்கம். மேஸ்திரி வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்.

“மாத்திடு பாப்பா. தெரியாம எல்லாம் வேலைக்குப் போயிடுவாங்க. அவரத் தூக்க ஆள் வேணும்” என்றார் ஸ்டெல்லா அக்கா.

மாற்றினேன். ரீஸ்டார்ட் செய்யும் கமாண்டை நான் பிறகு எப்போதோ படித்து வைத்திருந்தேன்; அண்ணன் கேட்கவே இல்லை. அதை அடித்தும் விட்டேன். என்டர் மட்டும் தட்டவில்லை.

“கொஞ்ச நேரம் பாக்கலாம்க்கா. கரண்ட் போவலன்னா தட்டிடறேன்.”

அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஃபேன் நின்றது.

கரண்ட் திரும்பி வந்தபோது போர்டில் ‘இல்லை’ என்றிருந்தது. இன்று அளத்துக்கு ஒருவரும் போகவில்லை.

போய் வாங்க அண்ணா. நேற்று கரண்ட் கரெக்டா போச்சு.