வருஷத்துக்கு எத்தனை பொங்கல்?

போன வாரம் கதவுக்குக் கீல் வாங்கலாமென்று காரைக்குடியில் நண்பர் ராமசாமியின் இரும்புக்கடைக்குப் போனேன். கடையில் எல்லோரும் கல்லாவைச் சுற்றி நின்றிருந்தார்கள். என்ன விஷயம் என்று எட்டிப் பார்த்தால்... லேபர் இன்ஸ்பெக்டர்!

டிசம்பர் வந்தால் கடைக்காரர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. வரும் வருஷம் எந்தெந்தப் பண்டிகைக்கு லீவு என்று சிப்பந்திகளோடு பேசிப் பட்டியல் எழுத வேண்டும். லேபர் ஆபீசுக்கு ஒன்று அனுப்ப வேண்டும். இன்னொன்றை எல்லோர் கண்ணிலும் படும்படி கடையில் மாட்ட வேண்டும். பட்டியலில் இருக்கிற நாளுக்குச் சம்பளத்தோடு லீவு. இல்லாத நாளுக்கு லீவு வேண்டுமா? ராமசாமியிடம் கேட்டுப் பாருங்கள்! நல்ல மனிதர்தான். லீவு என்ற சொல் மட்டும் அவர் காதில் ஏறாது.

இன்ஸ்பெக்டர் வேலூர்ப் பக்கத்துக்காரர். மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. பட்டியலில் 'தைப்பொங்கல் – புதன்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே 'செவ்வாய்ப் பொங்கல்' என்று இன்னொரு வரி. எழுதியவர் கடைக் கணக்கர் முத்தையா. அவரைப் பார்த்து இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

"இந்த வருஷம் பொங்கல் செவ்வாய்க்கிழமை வந்துச்சு. பழைய லிஸ்டைப் பார்த்து எழுதிட்டு, அந்த வரியை அடிக்க மறந்துட்டீங்க. வருஷத்துக்கு எத்தனை பொங்கல்ங்க உங்க ஊர்ல?"

அவரைச் சொல்லி என்ன செய்ய, பாவம்! பொங்கல் கழிந்து வருகிற முதல் செவ்வாயன்று நாட்டரசன்கோட்டைக் கண்ணாத்தாள் கோயில் முன்னால் நகரத்தார் வீட்டுப் பானைகள் வரிசையாகப் பொங்கும். அது நம் பக்கத்துச் சங்கதி. வேலூரில் யாருக்குத் தெரியும்?

நான் வாயெடுப்பதற்குள் ராமசாமி முந்திக்கொண்டார். இன்ஸ்பெக்டர் என்றாலே அவருக்குப் பயம். தாராளமாக அடித்துவிடுங்கள், வேறு பண்டிகை எழுதிக்கொள்கிறோம் என்று கும்பிடு போட்டார். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

"அடிச்சிராதீக சார். அது வேற பொங்கல்."

சொன்னது முத்தையா! முப்பதைத் தாண்டிய பிரம்மச்சாரி. நாட்டரசன்கோட்டைக்காரர். அவர் யாரையும் எதிர்த்துப் பேசி அந்தக் கடையில் ஒருவரும் கேட்டதில்லை. திக்கித் திணறிக் கோயில் விவரத்தைச் சொல்லி முடித்தார். அதற்கு எதற்கு முழு நாள், காலையில் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினால் போதாதா என்று ராமசாமி குறுக்கே விழுந்தார்.

முத்தையா குனிந்த தலை நிமிரவில்லை.

"பொண்ணு வீட்டுக்காரக அன்னைக்குத்தான் வாராக, முதலாளி. பொங்கல் வைக்கிற எடத்துலயே பாத்துக்கிறலாம்னு ஆத்தா ஏற்பாடு பண்ணியிருக்காக. போன தடவையும் இப்படித்தான்... எனக்கு லீவு கெடைக்கலை. அந்தப் பொண்ணுக்கு வேற எடத்துல முடிஞ்சிருச்சு."

எனக்கு மனசு என்னவோ செய்தது. அந்தக் கோயில் வாசலில் எத்தனையோ சம்பந்தங்கள் முடிந்திருக்கின்றன. அங்கே போய் நிற்கக்கூட ஒரு மனிதனுக்கு நாள் கிடைக்கவில்லையே!

"எங்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாம்லப்பா?" என்றார் ராமசாமி, குரல் இறங்கி.

"லீவுன்னு ஆரம்பிச்சாலே எந்திரிச்சுப் போயிருவீகளே!"

இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பேனாவை மூடப்போனவரைத் தடுத்து, ராமசாமி அதைக் கேட்டு வாங்கினார். செவ்வாய்ப் பொங்கலுக்கு நேரே 'கடை முழு நாள் விடுமுறை' என்று தம் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

எத்தனையோ கடைகளில் இந்தக் காகிதம் காலண்டருக்குப் பின்னால் தூசி படிந்து தொங்குகிறது. நாம் அதைப் படிப்பதே இல்லை. அதில் ஏதாவது ஒரு வரியை நம்பி யாரோ ஒருவர் வருஷம் முழுக்கக் காத்திருக்கலாம், யார் கண்டது?

முத்தையாவின் நிலைமைதான் இப்போது சிக்கல். காதும் காதும் வைத்த மாதிரிப் பெண் பார்த்துவிட்டு வர நினைத்தவர் அவர். சட்டம் விடுமா? கடை வாசலிலேயே மாட்டியாகிவிட்டது. ஆணி வாங்க வருகிறவர்கூட அதைப் படித்து, சிப்பந்திகளிடம் காரணத்தையும் கேட்டுக்கொண்டு, "என்ன மாப்பிள்ளை, பொண்ணு எந்த ஊரு?" என்கிறார்.

சர்க்கார் சம்மதம் கொடுத்தாயிற்று. முதலாளியும் கொடுத்தாயிற்று. இனி அந்தப் பெண் ஒருத்திதான் பாக்கி!