காதர் பாய் அடிக்காத பந்து

போன வியாழக்கிழமை காலை. ஸ்கூலுக்குக் கிளம்பி ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டேன். இன்னொரு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் தையல்காரர் காதர் பாய் வந்து நின்றார்.

முகம் சரியில்லை. தைக்கக் கொடுத்த துணி ஏதாவது பாழாகிவிட்டதோ என்று முதலில் பதறினேன். அப்புறம்தான் நினைவு வந்தது... இந்த ரேஷன் காலத்தில் தைக்கக் கொடுக்கத் துணி எங்கே இருக்கிறது?

"அண்ணே, என்னைய டீம விட்டுத் தூக்கப் போறீகளாமே?" என்றார்.

எந்த டீம்? இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்குக்கூடத் தெரியாது. வேண்டுமென்றேதான் மறைத்து வைத்திருந்தேன். ஒரு கணக்கு வாத்தியார் ஞாயிறுதோறும் கூடத்தில் உட்கார்ந்து பகடை உருட்டுகிறான் என்று ஊருக்குத் தெரிந்தால் ஸ்கூலில் மரியாதை என்ன ஆவது? இனி மறைத்துப் பயனில்லை. சொல்லிவிடுகிறேன்.

என் நண்பர் துளசிராம் கீழவாசல் பக்கம் சாயக்கடை வைத்திருக்கிறார். சௌராஷ்டிரக்காரர், என்னோடு படித்தவர், பிடிவாதத்தில் என்னைவிட ஒரு முழம் உசத்தி. போன வருஷம் தன் நாட்டுக்குத் திரும்பிய ஓர் அமெரிக்கப் பாதிரியார் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார். துளசிராம் ஒரு பீரோ எடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால் உள்ளே ஓர் அட்டைப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு மைதானப் படம், சிவப்பில் ஒன்றும் வெள்ளையில் ஒன்றுமாக இரண்டு பகடை, கட்டுக் கட்டாகச் சீட்டுகள், இங்கிலீஷில் ஒரு சின்ன விதிப்புத்தகம்.

பேஸ்பால் என்று அமெரிக்காவில் ஒரு விளையாட்டாம். அதை மைதானத்துக்குப் போகாமல் வீட்டிலேயே ஆடுவதற்கான பெட்டி அது. ஒரு சீட்டு ஓர் ஆட்டக்காரர். பகடையை உருட்ட வேண்டியது, விழுந்த எண்ணை அவர் சீட்டில் பார்க்க வேண்டியது. அடித்தாரா, அவுட்டா, எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். மட்டை பிடிக்கிறவர் மூலைக்கு ஒன்றாக இருக்கும் மூன்று பேஸைத் தொட்டுக்கொண்டு, 'வீடு' எனப்படும் புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வந்தால் ஒரு ரன்.

எங்களில் எவரும் பேஸ்பாலைக் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் என்ன? டில்லியைப் பார்க்காமலே நாம் டில்லி அரசியல் பேசவில்லையா?

நான்கு பேர் சேர்ந்து நான்கு டீம் பிரித்துக்கொண்டோம். துளசிராம் மேலூர். எங்கள் டிராயிங் மாஸ்டர் உசிலம்பட்டி. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவர் மதுரை. நான் சமயநல்லூர். என் மனைவி கோமதி பிறந்த ஊர் அது. கூடத்தில் பகடைச் சத்தம் கேட்கும்போது உள்ளேயிருந்து வேறு சத்தம் வராமல் இருக்க நான் கண்ட உபாயம். அது நன்றாகவே பலித்தது. "தாயம் உருட்ட இம்புட்டுப் புஸ்தகமா?" என்று முதல் வாரம் சிரித்தவள், மூன்றாவது வாரம், "எங்க ஊரு தோத்தா ராத்திரிக்குக் கஞ்சிதான்" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள்.

இதுவரை சரி. தப்பு செய்தது அதற்கப்புறம்தான்.

சீட்டுகளில் இருந்த அமெரிக்கப் பெயர்கள் ஒன்றும் வாயில் நுழையவில்லை. ஆகவே மேலே காகிதம் ஒட்டி, தெரிந்தவர்கள் பெயர்களை எழுதினோம். தபால்காரர் முத்தையா, பால்காரர் சோணை, தையல்காரர் காதர் பாய் என்று என் டீம் நிரம்பியது. இருப்பதிலேயே நல்ல அடிகாரர் என்று எனக்குத் தோன்றிய சீட்டில் என் பெயரையே ஒட்டிக்கொண்டேன். மேனேஜருக்கு இந்த உரிமைகூடக் கிடையாதா?

மதுரையில் ஒரு விஷயம் நாலு பேருக்குள் நிற்குமா? இரண்டே வாரத்தில் விஷயம் பெயருக்குரியவர்களிடம் போய்விட்டது. முத்தையா ஒரே மத்தியானத்தில் இரண்டு ஹோம் ரன் அடித்தார். அதாவது, பந்தை எல்லைக்கு அப்பால் தூக்கிவிட்டு நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றி வருவது. மறுநாள் எங்கள் வீட்டுத் தபாலைக் கையில் கொடுத்துவிட்டு, "ரெண்டுங்களா சார்?" என்று கேட்டுப் போனார். சோணை பந்தைக் கோட்டைவிட்ட வாரம் பாலில் தண்ணீர் கூடிற்று. நான் தற்செயல் என்றேன். கோமதி நம்பவில்லை.

பெயருக்குரியவர் நேரில் வந்துவிட்டால் அவரே தன் பகடையை உருட்டலாம் என்று துளசிராம் ஒரு விதியும் போட்டார். விதிப்புத்தகத்தில் இல்லாத விதி அது ஒன்றுதான்.

காதர் பாய்? அவர் பெயரை எந்தச் சீட்டில் ஒட்டினேன் என்று அப்போது கவனிக்கவில்லை. அது ஒரு சோப்ளாங்கிச் சீட்டு. பதினேழு ஆட்டங்களில் நான்கே நான்கு அடி. மற்றபடி, நான் பார்த்தவரை, மூன்று பந்துக்கு மூன்று தடவை மட்டையை வீசுவார், மூன்றும் காற்றில் போகும், அவுட்.

முப்பத்தாறு ஆட்டத்தில் பதினெட்டு முடிந்தால் பாதி சீசன். பாதி சீசனில் ஒவ்வொரு மேனேஜரும் ஓர் ஆளை நீக்கிவிட்டு, மிச்சமிருக்கும் கட்டிலிருந்து புது ஆளை எடுத்தாக வேண்டும் என்று விதிப்புத்தகம் சொல்கிறது. அந்தப் பதினெட்டாவது ஆட்டம் அடுத்து வந்த ஞாயிறு, மேலூரோடு. மேலூர் முதலிடம். நாங்கள் மூன்றாமிடம். தோற்றால் கடைசி. யாரை நீக்குவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதைத் துளசிராமிடம் சொல்லியும் தொலைத்தேன். அந்த மனுஷர் பழைய கோட்டைத் திருப்பித் தைக்கக் கொடுக்கப் போன இடத்தில் காதர் பாயிடமே அளந்துவிட்டார்.

"பாய், அது வெறும் சீட்டு. அதுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன்.

"பேரு என்னுதுதானே அண்ணே?"

கணக்கில் இதற்கு வழியில்லை.

அப்புறம்தான் மெல்லச் சொன்னார். திண்டுக்கல்லில் மச்சினன் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை போட்டுத் தருகிறேன் என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறானாம். வருஷக்கணக்காக மிஷின் போட்டிருந்த கடையை எடுத்துவிட்டுப் போக மனசில்லை. ஆனால் கடையில் வேலை என்ன இருக்கிறது? கிழிசல் தைப்பது, காலர் திருப்புவது, நாள் முழுக்க ரோட்டைப் பார்ப்பது.

"கடையிலதான் ஒன்னுமில்ல. ஞாயித்துக்கெழமையாச்சும் நம்ம பேரச் சொல்லி நாலு பேரு கூப்புடுறாகன்னு ஒரு இது. அங்கயும் வேணாம்னுட்டா... ஞாயித்துக்கெழமை வாரேன். பாத்துட்டு மச்சினனுக்கு லெட்டரப் போட்டுர்றேன்."

போய்விட்டார். எனக்கு இன்னொரு செருப்பு கிடைத்தது. போட்டுக்கொள்ளத்தான் மறந்தேன். தெருமுனை வரை ஒற்றைச் செருப்போடு போய்த் திரும்பி வந்தேன்.

ஒரு மனிதர் கடையை வைத்திருப்பதா எடுப்பதா என்பது என் கூடத்தில் உருளும் பகடையில் போய் நிற்கிறதே! எனக்குப் பயமாக இருந்தது. சீட்டை மாற்றி ஒட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன். துளசிராம் கண்டுபிடித்துவிடுவார். சாயக்காரருக்கு ஒட்டு வேலையெல்லாம் பார்த்த உடனே தெரிந்துவிடும்.

ஞாயிறு மத்தியானம் மூன்று மணி. காதர் பாய் வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, கல்யாண வீட்டுக்கு வந்தவரைப் போல வந்தார். கோமதி கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். துளசிராம் விதிப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டார்.

முதல் தடவை காதர் பாய் பகடையை இரண்டு கைக்குள்ளும் வைத்து ஏதோ முணுமுணுத்துவிட்டு உருட்டினார். அவுட். இரண்டாம் தடவை முணுமுணுப்பு நீண்டது. அவுட். மூன்றாம் தடவை முணுமுணுக்காமலே உருட்டினார். அதுவும் அவுட். அப்புறம் காப்பியைக்கூடத் தொடவில்லை.

ஆனால் மற்றவர்கள் ஆடினார்கள், ஐயா! சோணை அடித்தார். முத்தையா ஓடினார். கடைசிச் சுற்று வந்தபோது மேலூர் ஐந்து, சமயநல்லூர் ஐந்து. மட்டை எங்கள் கையில். மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள் நிற்கிறார்கள். இரண்டு பேர் அவுட். இன்னும் ஓர் அவுட் விழுந்தால் சுற்று முடிந்தது. ஒரே ஒரு ரன் வந்தால் ஜெயித்தோம்.

அடுத்து மட்டை பிடிக்க வேண்டியவர் யார்?

கூடத்தில் எல்லோரும் காதர் பாயைப் பார்த்தார்கள்.

துளசிராம் தொண்டையைச் செருமினார். "மாப்ள, புஸ்தகத்துல வழி இருக்கு. வேணும்னா இவருக்குப் பதிலா வேற ஆள எறக்கலாம்." எதிரிக்கு யோசனை சொல்கிற நல்ல மனுஷர். என் கையில் ஒரு மாற்றுச் சீட்டும் இருந்தது, சுமாராக அடிக்கிற சீட்டு. கணக்குப்படி அதைத்தான் இறக்க வேண்டும். எந்த ஒன்பதாம் வகுப்புப் பையனைக் கேட்டாலும் சொல்வான்.

"மாத்திருங்கண்ணே" என்றார் காதர் பாய். "என்னால உங்க டீமு தோக்க வேணாம்."

அடுக்களை நிலையில் சாய்ந்து நின்ற கோமதி சொன்னாள்: "பாயி உருட்டட்டும். எங்க ஊரு தோத்தா நான் பாத்துக்கிறேன்."

மாற்றுச் சீட்டைக் கீழே வைத்தேன். ஏதோ பெரிய தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த முகத்துக்கு எதிரில் அந்தச் சீட்டை எடுத்துப் போடக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

காதர் பாய் உருட்டினார். சிவப்பில் ஐந்து. வெள்ளையில் இரண்டு. துளசிராம் சீட்டில் விரலை ஓட்டினார். ஓட்டிக்கொண்டே இருந்தார். திரும்பப் பார்த்தார். விதிப்புத்தகத்தைத் திறந்தார்.

"என்ன மாப்ள, அவுட்டா?" என்றேன்.

"இல்ல. நடைன்னு போட்டிருக்கு."

நடை எங்களுக்குப் புதிதல்ல, ஆனால் மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது விழுந்தது இதுவே முதல் தடவை. பந்து போடுகிறவர் நான்கு பந்தைக் கோணலாகப் போட்டு, மட்டைக்காரர் அந்த நான்கையும் தொடாமல் விட்டுவிட்டால், அவர் ஓட வேண்டாம், அடிக்க வேண்டாம், சும்மா நடந்து முதல் பேஸுக்குப் போகலாம். முதல் பேஸில் ஏற்கெனவே ஆள் இருந்தால் அவர் இரண்டாவதுக்கு நகர வேண்டும். இரண்டாவது ஆள் மூன்றாவதுக்கு. மூன்றாவதில் நிற்கிறவர்...

"வீட்டுக்கு வந்துர்றாரு" என்றார் துளசிராம், ஏதோ தன் வீட்டில் திருடன் வந்ததைச் சொல்வது போல.

ஆறு ரன். சமயநல்லூர் ஜெயித்துவிட்டது.

"அதெப்படி? அடிக்காமயே செயிக்கிறதா? இது என்ன நாயம்?" என்று கேட்டது யார் தெரியுமா? புத்தகத்தை மடியில் வைத்திருந்த அதே துளசிராம்தான். அந்தப் பக்கத்தை அவரையே மூன்று தடவை உரக்கப் படிக்க வைத்தேன். மூன்று தடவையும் அதையேதான் சொல்லிற்று.

காதர் பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. "நான் என்ன பண்ணேன் அண்ணே?"

"நின்னீக பாய்."

"நின்னதுக்கா?"

"கண்ட பந்துக்கெல்லாம் மட்டைய வீசாம நின்னீக பாருங்க, அதுக்கு."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தார்.

எல்லோரும் போன பிறகு அவர் சீட்டை எடுத்து வைத்து, முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். முப்பத்தாறு கட்டத்தில் ஒன்பதில் 'நடை'! என் டீமில் வேறு எந்தச் சீட்டிலும் அதில் பாதிகூட இல்லை. பதினேழு ஆட்டமாக இந்த மனுஷர் நடந்து நடந்து பேஸுக்குப் போயிருக்கிறார், பின்னால் வந்த முத்தையா அடித்து ஊருக்கு நல்ல பெயர் வாங்கியிருக்கிறார். என் ஸ்கோர் நோட்டில் அடிக்கு ஒரு கட்டம், ஹோம் ரன்னுக்கு ஒரு கட்டம், அவுட்டுக்கு ஒரு கட்டம். நடைக்குக் கட்டமே போடவில்லை. கட்டம் போட்டது யார்? கணக்கு வாத்தியார்.

நோட்டைத் திருத்தி, எல்லோர் சீட்டையும் மறுபடி ஒழுங்காக எடை போட்டேன். நாம் எத்தனை பேரை இப்படித்தான் எடை போடுகிறோம்! கண்ணில் படுகிறதை எழுதிக்கொள்கிறோம். எழுதாததை, இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். சரி, அது கிடக்கட்டும். ஓர் ஆளை நீக்கியாக வேண்டுமே! புதுக் கணக்குப்படி யார் எல்லாருக்கும் கீழே வருகிறார் என்று பார்த்தேன். அடிக்கிறேன் பேர்வழி என்று வருகிற பந்துக்கெல்லாம் மட்டையை வீசி, ஒரு தடவைகூட நடக்காமல், வாரத்துக்கு நாலு தடவை அவுட்டாகும் ஓர் ஆசாமி அகப்பட்டார்.

பெயரைப் பார்த்தேன். சாட்சாத் நான்தான்.

வேறு வழியில்லை. நீக்கினேன்.

செவ்வாய்க்கிழமை காலை மறுபடி காதர் பாய். மச்சினனுக்கு லெட்டர் போட்டாராம். இப்போதைக்கு வரவில்லை, கடையிலேயே நின்று பார்க்கிறேன் என்று. அதைச் சொல்ல மட்டும் வரவில்லை. துளசிராம் வழியாக வேறொரு சேதியும் போயிருந்தது.

"என்னண்ணே, உங்களையே டீம விட்டுத் தூக்கிட்டீகளாமே? மனசுக்குச் சங்கடமாப் போச்சு."

நான் சிரித்தேன். "அட, அது வெறும் சீட்டு பாய்!"

"பேரு உங்களுதுதானே அண்ணே?" என்றார்.

அன்று எனக்குக் காலைப் பலகாரம் இறங்கவில்லை.