அம்மன் காலடியில் இரண்டு பொட்டலம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். வீட்டுப் பெரியவர்கள் இருந்தவரை பேனாவைத் தொடவே மனசு வரவில்லை. இந்த ஆடியில் கூழ் ஊற்றிவிட்டு அம்மன் முன்னால் கண்ணை மூடியபோது, அவளே "எழுதேன்டி" என்றது போல இருந்தது. எழுதுகிறேன்.

அயனம்பாக்கத்தில் எங்கள் தெரு அம்மன் கோயிலில் அப்போது ஐந்து கிழவர்கள் வைத்ததுதான் சட்டம். திருவிழா என்றைக்கு, கரகம் எந்த வீட்டு வாசலில் முதலில் நிற்கும், எல்லாம் அவர்கள் வாயில்தான். ஐந்து குடும்பம், ஒவ்வொன்றிலும் வயதில் மூத்தவருக்கு ஓர் இடம். எங்கள் வீட்டு இடத்தில் பெரியப்பா உட்கார்ந்தார். அவர் காலமானதும் மூத்தவர் யாரென்று பார்த்தால் அத்தை, அப்பாவின் அக்கா. புருஷன் போன பிறகு எங்களோடேயே இருந்தாள். அவளுக்கு அடுத்த வயது அப்பாவுக்கு.

அப்பாவுக்கு ஆவடியில் கூடாரத்துக்குக் கயிறு முடியும் வேலை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் கட்டிக்கொண்டு வரும் சோற்றுப் பையை எங்களில் யாராலும் அவிழ்க்க முடியாது. அத்தை மட்டும் ஒரு நுனியைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பாள். முடிச்சு விட்டுவிடும்.

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சித்தப்பாதான் இந்த வம்பை வீட்டுக்குள் கொண்டுவந்தார்.

"அக்கா, நம்ம கோயில் கெயவனுங்க மாதிரி ரோம்லயும் இருந்தாங்களாம். அதுக்குப் பேரு செனட்டு. அவங்க பாஷைல செனெக்ஸ்னா கெயவன். இப்போ அமெரிக்காவுல கீற செனட்டு, எங்க யூனிவர்சிட்டில கீற செனட்டு, அல்லாம் அதுலேந்து வந்ததுதான்."

அத்தை முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "ஏன் நைனா, அந்த ஊர்ல கெயவிங்களே இல்லியா?"

சித்தப்பா அடுத்த வாரம் புத்தகம் பார்த்துவிட்டு வந்து சொன்னார். வேரைத் தோண்டிப் பார்த்தால் அந்தச் சொல்லுக்கு 'முதிர்ந்தது' என்றுதான் பொருளாம், ஆண் பெண் என்று இல்லையாம். ஆனால் உட்கார்ந்தது என்னவோ ஆண்கள்தானாம்.

"அர்த்தம் ஒண்ணு, குந்தறது ஒண்ணா?" என்று முறத்தைத் தட்டிவிட்டு எழுந்தாள் அத்தை. அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் எங்கள் வீட்டு இடம் தனக்கு என்று கேட்டே விட்டாள்.

"இன்னாம்மா, கூழு காச்சறத வுட்டுட்டு இங்க வந்துகினு?" என்றார் ஒரு கிழவர்.

"வயசுதான இங்க கணக்கு? உன்னவுட நான் மூத்தவ. நீ ஏந்து நில்லு மொதல்ல."

கூட்டம் சிரித்தது. கிழவர்கள் சிரிக்கவில்லை. நால்வரும் குசுகுசுவென்று பேசி, அம்மனையே பூக்கட்டிக் கேட்டுவிடலாம் என்றார்கள்.

பூக்கட்டிக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளரளி, இன்னொன்றில் செவ்வரளி. இலையில் மடித்து, நாரால் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். கட்டியவர் யார் என்று கடைசிவரை சொல்வதில்லை. சொன்னால் பகை வருமாம். ஒரு சின்னப் பிள்ளை கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் அத்தைக்கு. சிவப்பு வந்தால் அப்பாவுக்கு.

எடுத்தது நான்தான்.

அப்பா விடியலிலேயே கோயிலைக் கழுவிவிடப் போயிருந்தார். நான் போய் நின்றபோது கிழவர்களில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். இன்னொருவர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் தாயே என்று கும்பிட்டு எடுத்துக் கொடுத்தேன். பூசாரி நாரை அறுத்துப் பிரித்தார்.

சிவப்பு.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பா போய் இடத்தில் உட்கார்ந்தார். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, வேப்பமரத்தடியில் போட்டுவிடுவார்கள். எல்லாரும் கூழுக்கு நகர்ந்ததும் நான் அதைப் பாவாடையில் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். நகத்தால் கிள்ளினேன், பல்லால் கடித்தேன், முடிச்சு அசையவில்லை. அத்தை உள்ளே வந்ததும் நீட்டினேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஒரு நுனியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள்.

அதிலும் சிவப்பு.

"கெயவனுங்க ஏமாத்திட்டானுங்க அத்த!" என்று கத்தினேன். அவள் என் வாயைப் பொத்தினாள். "யார் கைலயும் சொல்லாத கண்ணு," என்றவள், அந்த நாரை விரலில் சுற்றிக்கொண்டு அடுப்படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அதன்பிறகு அந்த நாலு கிழவர்கள் கையால் நான் விபூதி வாங்கியதே இல்லை. அவர்கள் எதிரில் வந்தால் முறைத்தேன். பாவம், எதற்கு முறைக்கிறேன் என்று தெரியாமல் "இன்னா பாப்பா?" என்று சிரித்துக்கொண்டே போவார்கள்.

அத்தை மறுநாளும் அப்பாவுக்குச் சோறு கட்டினாள். குழம்பில் உப்பு குறையவில்லை. ஆனால் சாயங்காலம் திரும்பி வந்த பையை மட்டும் அவள் அவிழ்க்கவில்லை. அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. அம்மாதான் தினமும் அரிவாள்மனையில் வைத்து முடிச்சை அறுப்பாள். அத்தைக்கு விரலில் வலி போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இதை யாருக்காவது சொல்வதானால், வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால், உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள். அம்மன் சொன்ன தீர்ப்பு என்று மாற்றாதீர்கள். அந்தக் கிழவர்கள் தலையிலும் கட்டாதீர்கள்.