ராஜபாளையத்தில் பனி அள்ளும் வண்டி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரு பேங்க் மேனேஜர் முன்னால் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தேன். லோன் கேட்டது நான் இல்லை, என் நண்பன். ஆனால் அவமானத்தில் எனக்குச் சரிபாதி பங்கு.

நண்பன் பெயர் கோதண்டம். காலேஜில் ஒரே பெஞ்ச். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி யூனிட் நடத்துகிறான். தறியிலிருந்து வரும் பழுப்புத் துணியை வேகவைத்து, வெளுத்து, காயவைத்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவது தொழில். நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள். துணி வேக நீராவி வேண்டும், நீராவிக்கு பாய்லர், பாய்லருக்கு விறகு. ஆகவே... புகை.

இந்தப் புகைதான் அவனிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்குப் பிடிக்கவில்லை. 'கார்பனைப் படிப்படியாக எப்படிக் குறைப்பீர்கள்? ட்ரான்சிஷன் ப்ளான் அனுப்புங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருட ஆர்டரைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்' என்று மெயில். புது பாய்லருக்கு லோன் கேட்டு பேங்குக்குப் போனால், அவர்களும் அதையே கேட்டார்கள். ப்ளான் உருப்படியாக இருந்தால் வட்டியில் சலுகை உண்டாம்.

கோதண்டம் எனக்கு போன் போட்டு, அது என்ன ப்ளான் என்று கேட்டான். இன்று எப்படி இருக்கிறோம், நாளை எப்படி மாறப் போகிறோம், மாறுவதற்குப் பணம் எங்கிருந்து வரும் – இந்த மூன்றையும் எழுதித் தருவதுதான் என்று விளக்கினேன். அந்த விளக்கத்தை அப்போதுதான் நெட்டில் தேடிப் படித்தேன் என்பதை அவனிடம் சொல்லவில்லை.

அவன் ஆன்லைனில் ஒரு கன்சல்டன்ட்டைப் பிடித்தான். அந்த மனிதர் ராஜபாளையம் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு வீடியோ கால்... அறுபத்து நான்கு பக்க ரிப்போர்ட் வந்து இறங்கிவிட்டது. பத்திரிகையில் எழுதுகிறவன் நீதானே, சரிபார்த்துக் கொடு என்று என்னிடம் தள்ளினான்.

சரிபார்த்தேன். அட்டையில் காற்றாலை, உள்ளே உள்ளங்கையில் முளைவிட்ட செடி. முதல் பத்துப் பக்கங்களில் நாலு கமாவைத் திருத்திவிட்டு, 'பிரமாதம்' என்றேன். எத்தனை பக்கம் படித்தாய் என்று அவன் கேட்கவில்லை. கேட்காததற்கு நானாகப் பதில் சொல்வேனா?

மேனேஜர் முத்துச்செல்வி ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்காரர். அந்தச் செவ்வாய்க்கிழமை நேரில் யூனிட்டைப் பார்க்க வந்திருந்தார். கையில் நம் ரிப்போர்ட், அதன் ஓரமெல்லாம் மஞ்சள் ஸ்டிக்கர். அடப்பாவமே, முழுசாகப் படித்திருக்கிறார். நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்து நிதானமாகக் கேட்டார்.

"சார், பனி அள்ளுத வண்டியெல்லாம் அஞ்சு வருசத்துல எலெக்ட்ரிக்கா மாத்தப் போறதா போட்டிருக்கு. அந்த வண்டி எங்க நிக்கி? ஒரு தடவ பாத்துக்கிடுதேன்."

கோதண்டம் என்னைப் பார்த்தான். நான் ஃபேனைப் பார்த்தேன்.

எந்தக் குளிர்தேசத்துக் கம்பெனிக்கு எழுதியதோ, பெயரை மட்டும் மாற்றி நமக்கு அனுப்பியிருக்கிறார் அந்த மகானுபாவர். அதோடு விட்டாரா மேனேஜர்? மரம் மறுபடி வளரும் என்று சொல்லி, விறகின் புகையைப் பூஜ்யம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மரத்தை யார் மறுபடி நடுகிறார்கள் என்றார். தெரியவில்லை. இதை யூனிட்டில் யாராவது படித்தார்களா என்றார்.

எல்லோரும் இப்படித்தான் கொடுக்கிறார்கள், சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதானே என்று கோதண்டம் முனகினான். அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை.

"எங்க அண்ணன் சுந்தரபாண்டியத்துல பிளவக்கல் டேம் தண்ணிய நம்பி விவசாயம் பாக்கான். மழை ஏமாத்துனா அவனுக்கு நெல்லு இல்ல. ஒங்க கிணத்துலயும் தண்ணி இல்ல. தண்ணி இல்லாத யூனிட்டுக்கு நான் எப்பிடி சார் லோன் கொடுக்க?"

க்ளைமேட் என்றால் எங்கோ துருவக் கரடியின் கவலை என்று நினைத்துக்கொண்டிருந்த இருவரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

பத்து நாள் அவகாசம் கொடுத்தார். கிளம்பும்போது பாய்லரைப் பார்க்க வேண்டும் என்றார். அங்கே காளிராஜ் இருந்தார். பத்தொன்பது வருடமாக பாய்லர் ஆபரேட்டர். இங்கே எதெல்லாம் வீணாகிறது என்று மேனேஜர் கேட்டதும், முதலாளியை ஒரு பார்வை பார்த்துவிட்டு எங்களைச் சுற்றிக் காட்டினார். மேலுறை கிழிந்த நீராவிக் குழாய். உஸ்ஸென்று சீறும் வால்வு. ஆவி குளிர்ந்து மாறிய சுடுதண்ணீர் அப்படியே வாய்க்காலுக்குப் போகிறது. அந்தத் தண்ணீரைத் திரும்ப பாய்லருக்கே விட்டால் விறகு குறையும் என்று முதலாளியிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறாராம்.

பாய்லர் அறையில் ஃபேன் கிடையாது. கோதண்டம் புகைபோக்கியைப் பார்த்தான்.

மறுநாளே உட்கார்ந்துவிட்டோம். பேக்கிங் மேஜையைச் சுற்றி நாங்கள் மூன்று பேர். காளிராஜ் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதல் வருடம் குழாயும் சுடுதண்ணீரும். விறகு இனி, மறுபடி மரம் நடுகிறவர்களிடம் மட்டும். இரண்டாம் வருடம் கூரையில் சோலார் ஹீட்டர். மூன்றாம் வருடம் விறகு அதிகம் தின்னாத ஆட்டோமேடிக் பாய்லர். தமிழில், சரியாக நான்கு பக்கம். என் எழுத்து வாழ்க்கையிலேயே இவ்வளவு பயனுள்ளதை எழுதியதில்லை என்று எனக்கு ஒரே பெருமிதம்.

வாசித்துக் காட்டினேன். கடைசிப் பக்கத்தில், சேமிப்பு என்ற தலைப்பின் கீழ் 'புது பாய்லர் வந்தால் ஷிப்டுக்கு மூன்று ஆட்கள் இருந்த இடத்தில் ஒருவர் போதும்' என்று ஸ்டைலாக எழுதியிருந்தேன். காளிராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வேலைக்கு வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. எவ்வளவு விறகு எரிகிறது, எந்த வால்வு எப்போது மாற்றியது எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. ப்ளான் அப்படியே நின்றது. பேங்க் கொடுத்த நாளோ நிற்கவில்லை.

கோதண்டத்துக்கு முதலில் கோபம். பிறகு பயம். மூன்றாம் நாள் இருவரும் அவர் வீட்டுக்கே போனோம். உட்கார நாற்காலி போட்டார், காபி கொடுத்தார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. புகை குறைவது உங்களுக்கும் நல்லதுதானே என்று நான்தான் அசட்டுத்தனமாக ஆரம்பித்தேன்.

"அது எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? பத்தொம்பது வருசமா அதை முழுங்குதவன் நாந்தான்," என்றார். "ஆனா நீங்க எழுதுனதுல, புகையோட சேத்து எங்களையும்லா வெளிய தள்ளுதீக."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். அந்த வரியை எழுதியது கன்சல்டன்ட் இல்லை... சாட்சாத் நான்.

கோதண்டம் வெளியே போய் முற்றத்தில் நின்றான். செத்த நேரம் கழித்து மேனேஜருக்கு போன் போட்டான். ஆட்களை நிறுத்தாமல் புது மெஷினுக்கு ட்ரெயினிங் கொடுத்தால், மற்றவர்களை சோலாருக்கும் தண்ணீர் சுத்திகரிப்புக்கும் மாற்றினால், அந்தச் செலவும் லோனில் வருமா என்று கேட்டான். எழுதிக் கொடுங்கள், கேட்டுப் பார்க்கிறேன் என்றார் அவர். கோதண்டம் உள்ளே வந்து, காளிராஜ் முகத்தைப் பார்த்தே சொன்னான்.

"யாரையும் அனுப்பல. அதையும் எழுதிருவோம். நீரு சொல்லும், இவன் எழுதட்டும்."

காளிராஜ் உடனே சிரித்துவிடவில்லை. எழுதியதும் ஒரு காப்பி எனக்கு வேண்டும் என்றார். நியாயம்தானே?

இந்த வாரம் பதில் வந்தது. குழாய்க்கும் புது பாய்லருக்கும் ட்ரெயினிங்குக்கும் லோன் உண்டு. சோலாருக்குக் கேட்டதில் பாதிதான். ப்ளானை இங்கிலீஷில் மாற்றி அனுப்பியதில், ஆர்டர் தொடர்கிறது என்று பையரிடமிருந்தும் ஒரு வரி வந்துவிட்டது. லோனுக்குக் காத்திராமல் சுடுதண்ணீரை பாய்லருக்கே திருப்பிவிட்டான் கோதண்டம். வால்வு சீறுவதும் நின்றிருக்கிறது. விறகு லோடு இப்போதே குறைந்திருக்கிறது என்கிறார் காளிராஜ். அவர் வீட்டு பீரோவில் அந்தக் காப்பி, ரேஷன் கார்டுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறதாம்.

யோசித்துப் பார்த்தால், பூமியைக் காப்பாற்றும் திட்டங்களை நாம் பெரும்பாலும் பூமியில் கால் வைக்காமலேயே எழுதிவிடுகிறோம். மெஷின், பணம், வருடம் எல்லாம் வந்துவிடும். மனிதர்கள்தான் வருவதில்லை.

எல்லாம் சுபம் என்று முடித்திருப்பேன். நேற்றுக் காலை யூனிட் வாசலில் பின்தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர், அழுக்குத் துணி மூட்டையோடு – இத்தனை வருடமாக வாய்க்காலில் வந்துகொண்டிருந்த சுடுதண்ணீரை யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள் என்று.

ஐந்தாம் பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.