அப்பா போட்ட நைட்டி

எங்கள் வீட்டுப் பழைய நாட்காட்டித் தாள் ஒன்றில், ஒரு திங்கட்கிழமைக் கட்டத்தில், அம்மாவின் கையெழுத்தில் ‘வேலை’ என்று மட்டும் இருக்கிறது. ஆண்டு இருந்த மூலை கிழிந்துவிட்டது. தம்பிக்கு அப்போது மூன்று மாதம். எனக்குப் பள்ளி விடுமுறை. அதை வைத்து, அம்மாவின் பிரசவ விடுப்பு முடிந்த நாள் அதுதான் என்று முடிவு செய்திருக்கிறேன்.

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை லாலாங்கில் விடியுமுன்பே தொழிற்சாலைப் பேருந்து வந்துவிடும். தம்பியோ ஒரு வாரமாகப் போத்தல் பாலைத் துப்பிக்கொண்டிருந்தான்.

“இன்னைக்கும் குடிக்கலன்னா நாளையோட வேலைய நிப்பாட்டிர்றேங்க,” என்று சொல்லிவிட்டு அம்மா பேருந்தில் ஏறினார். அப்போதுதான் அவருக்கு மேற்பார்வையாளர் பதவி கிடைத்திருந்தது. பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்காக அப்பா இரவுக் காவல் வேலைக்கு மாறியிருந்தார்.

தம்பி வீறிட்டான். அப்பா தோளில் போட்டு நடந்தார், வானொலியைப் பாடவிட்டார். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில், அம்மா காலையில் கழற்றிப்போட்ட பூப்போட்ட நைட்டியை அழுக்குக் கூடையிலிருந்து எடுத்துத் தலைவழியே மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மீசையும் நைட்டியுமாக அவரைப் பார்த்து நான் உருண்டு சிரித்தேன். தம்பி அவர் மார்பில் மூக்கைத் தேய்த்தான், அடங்கினான், போத்தலைப் பற்றிக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்துக் கேஸ் கொண்டுவரும் அண்ணன் கதவைத் தட்டினார். அப்பா அப்படியே போய்த் திறந்தார்.

மாலையில் அப்பா எங்களையும் கூட்டிக்கொண்டு ரொட்டி வாங்கப் போனார். கேஸ் அண்ணன் வழியாகச் சேதி அதற்குள் கடைக்குப் போயிருந்தது. கடைக்காரர் ரொட்டிக் கல்லிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார்: “என்னண்ணே, நாளைக்கு எந்தக் கலரு?”

“எது துவைக்காம கெடக்கோ அதுதான் லா. பிள்ள முழு போத்தலும் குடிச்சிட்டான். ரெண்டு ரொட்டி போடுங்க.”

வீடு திரும்பிய அம்மா, காலிப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மறுநாளும் வேலைக்குப் போனார்.

அதன்பிறகு, எல்லாத் துணியையும் அன்றன்றே துவைக்கும் அம்மா ஒரு நைட்டியை மட்டும் துவைக்காமல் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போவார். வேலைக்குப் போய் அம்மாவுக்குச் சோம்பல் வந்துவிட்டது என்று நினைத்தேன். அதில் அவருடைய வாசம் இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. உதவி செய்வதாக எண்ணி ஒருநாள் அதைச் சோப்புத் தண்ணீரில் ஊறவும் வைத்துவிட்டேன். அப்பா திட்டவில்லை, அம்மாவின் தலையணை உறையை எடுத்து மார்பில் போட்டுக்கொண்டார்.

அந்த நைட்டி யோசனை யாருடையது என்பது மட்டும் இன்னும் உறுதியாகவில்லை. அம்மா வேண்டுமென்றேதான் நைட்டியைக் கூடையின் மேலாகப் போட்டுவிட்டுப் போனார் என்கிறார் அப்பா. பேருந்து வந்த அவசரத்தில் எறிந்துவிட்டு ஓடினேன், மற்றதெல்லாம் உங்கள் அப்பா மூளை என்கிறார் அம்மா.