அத்தா போட்ட ஓட்டை

அன்று எங்கள் மளிகைக் கடையில் இருந்தவர்கள் அத்தா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்), அம்மா, சின்ன மாமா, உப்பு வாங்க வந்த, பக்கத்துக் கம்போங் செட்டி குடியிருப்பு அக்கா, அப்புறம் நான். தபால்காரர் கொடுத்துவிட்டுப் போன அட்டையை ஐந்து பேரும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். கரண்டு பில்தான். ஆனால் வழக்கமான காகிதம் இல்லை. தடித்த அட்டை, உடம்பெல்லாம் சின்னச் சின்ன நீள ஓட்டை.

சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களே ஆகியிருந்தன. கோலாலம்பூரில் ஒரு புது மிஷின் வந்திருக்கிறது, இந்த ஓட்டைகளைப் படித்தே அது எல்லார் கணக்கையும் பார்த்துவிடும் என்றார் மாமா. அவர் ரப்பர் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி. சொல்லும்போதே முகத்தில் பெருநாள் களை. கண்ணில்லாதது எப்படிப் படிக்கும் என்று, தன் வீட்டுப் பேச்சான மலாய் மொழியில் கேட்டுச் சிரித்தார் செட்டி அக்கா. அம்மாவுக்கோ பிடித்துப் போயிற்று. பெரிய முதலாளி தவுக்கே வீடு, நம் வீடு என்று மிஷின் முகம் பார்க்காது அல்லவா.

அத்தாவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

"பில்லு கொண்டாற ஆளுன்னா ஒரு வாரம் தவணை கேக்கலாம். ஓட்டைக்கிட்ட யாரு போயி கேக்கிறது?" என்றவர், அட்டையைக் கல்லாவுக்கு மேலே தொங்கிய கம்பியில் குத்தினார். கடைக்கு வரும் எந்தச் சீட்டும் அந்தக் கம்பியில் ஏறியாக வேண்டும். மாமா கையை நீட்டுவதற்குள் ஏறிவிட்டது.

மாதக் கடைசியில் அதே அட்டையைக் கொண்டுபோய்ப் பணம் கட்டினார். அடுத்த மாதம் சிவப்பு எழுத்தில் ஒரு கடுதாசி: பணம் வரவில்லை, கரண்டு வெட்டப்படும். நோன்பு தொடங்க ஒரு வாரந்தான் இருந்தது. நோன்பு மாதத்தில் குளிர்ந்த சர்பத் விற்கலாம் என்று நம்பித்தான் கடன்பட்டு ஐஸ்பெட்டி வாங்கியிருந்தோம். போலீஸ் வரும் என்றே முடிவு கட்டிவிட்டேன். இன்றும் வீட்டுக்குக் கடுதாசி வந்தால் பிரிப்பதற்கு முன்பு வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுகிறேன்.

அத்தாவும் மாமாவும் கரண்டு ஆபீசுக்குப் புறப்பட்டபோது நானும் ஒட்டிக்கொண்டேன். அங்கிருந்த கிராணி, கோலாலம்பூர் போய்த் திரும்பியிருந்த எங்கள் அட்டையைத் தேடி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நீள ஓட்டைகளுக்கு நடுவே ஒரே ஒரு வட்ட ஓட்டை.

"இது நீங்க போட்டதா, பாய்? மிஷின் இதையும் நம்பர்னு படிச்சிருச்சு. ஒங்க காசு வேற வீட்டுக் கணக்குல போயிருச்சு."

அத்தா அந்த வட்டத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். நான் போட்டதையுமா படித்தது என்று மாமாவிடம் கேட்டார். குரலில் கோபமே இல்லை.

பணம் போய்ச் சேர்ந்தது புக்கிட் பாருவில் தனியாக இருக்கும் ஓர் அம்மாவின் கணக்கில். மூன்று மாதமாகக் கட்டாமல், வெட்டுவதற்கு ஆள் கிளம்பிய நேரமாம். எழுதிக் கொடுத்தால் மாற்றிவிடலாம் என்றார் கிராணி. மாமா பேனாவைத் திறந்துவிட்டார்.

"அந்த வீட்ல இப்ப வெளக்கு எரியுதா?" என்று கேட்டார் அத்தா.

"எரியுது பாய். மாத்துனா வெட்டிருவாங்க."

"அப்ப எரியட்டும்."

சர்பத்துக்குச் சீனி வாங்க வைத்திருந்த பணத்தை எடுத்து இன்னொரு முறை கட்டினார். கால் காசுக்குச் சந்தையில் மல்லுக்கு நிற்கிற மனுஷர். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் கடை இருந்த காஜா பெராங்கில் மிஷினுக்கு அவரைப் போலப் பரிந்து பேசியவர் கிடையாது. கேட்காமலேயே தவணை கொடுக்கிறது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி மெச்சுவார். தப்பாகப் படித்ததை எதற்கு இப்படி மெச்சுகிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை. எங்கள் பணத்தை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது என்பதுதான் என் கவலை. பாக்கி இன்றும் அப்படியே நிற்கிறது: பதினொரு வெள்ளி நாற்பது காசு.