பாண் ஆட்டோ காட்டிக்கொடுத்த ஓட்டை

மாலை நான்கு மணி. கல்முனையில் கடற்கரையை ஒட்டிய கூடைப்பந்துத் திடலில் நான் முதலில் பார்த்தது பந்தை அல்ல, ஓர் உயரமான மனிதரின் ஓயாத வாயை. போன வருடம், சம்பளத்துக்கு ஆடும் கொழும்பு அணியொன்று எங்கள் ஊர்க் கழகத்தோடு விளையாட வந்திருந்தது. அன்று அவர்களின் பயிற்சி. மறுநாள் போட்டி.

எங்கள் அணித் தலைவன் என் தம்பி. போட்டியில் நன்றாக ஆடும் ஒருவரைத் தங்கள் அணியில் சேர்த்துக்கொள்வதாக அவர்களின் முகாமையாளர் சொல்லியிருந்தார். தம்பிக்கோ கட்டாரில் வேலை செய்ய விசா வந்திருந்தது. தெரிவானால் போகத் தேவையில்லை.

நான் பத்திரிகைக்குச் செய்தி எழுதுபவன் என்பதால், தன் காக்காவை, அதாவது அண்ணனான என்னைத்தான் உளவு பார்க்க அனுப்பினான்.

“பந்தப் பாக்காதீங்க காக்கா. அவங்க எப்படித் தடுக்காங்க எண்டு மட்டும் பாருங்க.”

பார்த்தேன். நடுவில் ஈ நுழைய வழியில்லை. உயரமானவர் கூடைக்கு அடியில் நின்று “வமட, தகுணட” என்று சிங்களத்தில் இடமும் வலமும் சொல்லச் சொல்ல, முன்னால் நின்ற நால்வரும் திரும்பிப் பாராமலே நகர்ந்தார்கள். அந்த நேரம் ரொட்டி விற்கும் பாண் ஆட்டோ ஒன்று ஒலிபெருக்கிப் பாட்டோடு வந்து வேலியருகே நின்றது. உயரமானவரின் குரல் பாட்டில் அமுங்கியது. உடனே பந்து வைத்திருந்த ஒரே ஆளை இருவர் துரத்தினார்கள்; இடது மூலை வெறுமையானது. பாட்டு நின்றதும் எல்லாம் சரியாயிற்று. ஆட்டோ கிளம்பும்போது மறுபடி பாட்டு, மறுபடி அதே ஓட்டை!

ஓடிப்போய்ச் சொன்னேன். “அவங்கட தடுப்பு காதுலதான் இரிக்கி. சத்தம் கூடினா ரெண்டு பேர் உனக்கிட்ட ஓடி வருவாங்க. மூலை காலி.”

தம்பி கொஞ்சம் யோசித்தான். “அப்ப பந்து மூலைக்குத்தான் போகணும்” என்றான்.

மறுநாள் பாதி ஆட்டம்வரை பின்தங்கியிருந்தோம். தோற்கும்போது எங்கள் சனம் வாயே திறக்காது. உயரமானவரின் குரல் மட்டும் கணீரென்று கேட்டது. செய்தி எழுதப் போகும் இடத்தில் நான் கைகூடத் தட்டுவதில்லை. அன்று எழுந்து நின்று கத்தினேன்.

“என்ன ரிப்போர்ட்டர், ஜின்னு புடிச்சிட்டா?” என்றார் பக்கத்திலிருந்த மீன் வியாபாரி.

“கத்துங்க! அவங்களுக்குக் கேக்கப்படா!”

அவர் தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் கதிரையைக் கவிழ்த்து அடிக்கத் தொடங்கினார். பிறகு திடல் முழுவதும் ஒரே இரைச்சல்!

இருவர் தம்பியிடம் ஓடினார்கள். பந்து மூலைக்குப் பறந்தது. அங்கே தனியே நின்ற எங்கள் அணியின் காரைதீவுக்காரர் கூடைக்குள் போட்டார். மறுபடியும் போட்டார். மூலைக்குப் போகும் ஒவ்வொரு பந்தோடும் கட்டார் நெருங்குகிறது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. தம்பிக்கு அது முதல் நாளே விளங்கியிருந்தது. கடைசிப் பந்தையும் அவன் மூலைக்கே கொடுத்தான். ஒரு புள்ளியால் வென்றோம்! எனக்குக் குரலே இல்லை.

முகாமையாளர் காரைதீவுக்காரரின் பெயரைச் சொன்னார். அவரை முதலில் ஓடிப்போய்த் தூக்கியது தம்பிதான்.

இப்போது தம்பி கட்டாரில் இருக்கிறான். காரைதீவுக்காரருக்குப் போட்டி இருக்கும் நாட்களில், வேலை முடிந்ததும் எனக்கு அழைப்பெடுப்பான். “மத்த டீம் எப்படித் தடுக்காங்க காக்கா?” என்பதுதான் முதல் கேள்வி.